முக்கால் லிட்டர் சேசானும் நாலு கிளாஸும்

டிஸ்கி: இது பீர் பத்தின பதிவு. குடிக்காதவங்களும் தாராளமா படிக்கலாம். இதுல முக்கியமான தீர்ப்பெல்லாம் சொன்னதே ஒரு சொட்டுகூட குடிக்காத ஆள்தான்.

பீருக்கு நம்ம ஊர்ல கேள்வியே ரெண்டுதான். கூலிங்கா இல்லையா, ஸ்ட்ராங்கா லைட்டா. அதுக்கு மேல பேசினா கடைக்காரர் நம்மளை ஒரு மாதிரி பார்ப்பார். அப்படி வளர்ந்த என்னைக் கொண்டுவந்து பிரஸ்ஸல்ஸ்ல ஆணி புடுங்க விட்டா என்ன ஆகும்? முதல் ஆறு மாசம் இங்கேயும் அதே ரெண்டு கேள்விதான் கேட்டுக்கிட்டு இருந்தேன். அப்புறம்தான் சேசான் அறிமுகம் ஆச்சு.

சேசான்னா பிரெஞ்சுல பருவம், அதாவது சீசன். கடைசி 'ன்'னை மூக்குக்குள்ளேயே முழுங்கிடணும். நமக்கு அது வராது, அதனால சேசான்னே எழுதுறேன். பெல்ஜியத்தோட பிரெஞ்சு பேசுற தெக்குப் பகுதி வலோனியா. அதுல பிரான்ஸ் எல்லையை ஒட்டி எய்னோன்னு ஒரு மாகாணம். அங்கே பண்ணை வீடுகள்ல காய்ச்சின பீர் இது. குளிர்சாதனம் இல்லாத காலத்துல கோடையில பீர் காய்ச்சினா பாக்டீரியா புகுந்து புளிச்சுப் போயிடும். குளிர்காலத்துல வயல்ல வேலையும் கம்மி. அதனால குளிர்ல காய்ச்சி வெச்சு, கோடையில வயல் வேலைக்கு வர்றவங்களுக்குக் குடுப்பாங்களாம். பழைய சேசான் இதைவிட லேசானதுன்னுதான் சொல்றாங்க (ரைமிங் தானா வந்துடுச்சு, மன்னிச்சுக்கோங்க). இருந்துதான் ஆகணும். இப்ப கிடைக்கிற 6.5 சதவீதத்தைக் குடிச்சுட்டு வெயில்ல அரிவாள் பிடிச்சா கதிரா அறுபடும்? விரல்தான் அறுபடும்.

சரி, மேட்டருக்கு வருவோம். சேசான் பெரும்பாலும் 750 மி.லி. பாட்டில்ல வரும். ஷாம்பெயின் பாட்டில் மாதிரி தடிமனான கண்ணாடி, தக்கை, தக்கைக்கு மேல கம்பிக்கூண்டு. 330 மி.லி. சின்ன பாட்டிலும் உண்டு. இந்தப் பெரிய பாட்டில் எதுக்குங்கிறதுதான் எங்க வீட்ல ஆறு மாசமா ஓடின பஞ்சாயத்து.

வீட்டு ஜனங்களைச் சொல்லிடறேன். ரூம்மேட் ஈரோட்டுப் பக்கம், என்னைவிட மூணு வயசு சின்னவன். அடுத்த தெருவுல மாப்ள, மன்னார்குடி பக்கத்துக் கிராமம், என்னோட காலேஜ்ல இருந்து கூட வர்றவன். அப்புறம் எங்க டீம் லீட் அக்கா, ராஜபாளையம். அக்கா குடிக்க மாட்டாங்க. ஆனா மூக்கு இருக்கே... ரசம் கொதிக்கும்போதே பெருங்காயம் எந்தக் கம்பெனின்னு சொல்ற மூக்கு.

ரூம்மேட் கட்சி இது: "ணா, ரெண்டு பாட்டில்லயும் ஒரே பீருதானுங். தக்கைக்கும் கூண்டுக்கும் சேர்த்துக் காசு வாங்கறாங்க. சும்மா பில்டப்புங்."

நியாயமான சந்தேகம்தான். ஒரே கொப்பரைல காய்ச்சினது ரெண்டு பாட்டில்ல போனா ருசி எப்படி மாறும்? விஷயம் என்னன்னா, இது பாட்டிலுக்குள்ள போன பிறகும் வேலை முடியாத பீர். அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடுறாங்க. ஈஸ்ட் உள்ளேயே சர்க்கரையைத் தின்னு கார்பன் டை ஆக்சைடு விடுது. வெளியே போக வழியில்லாம அது பீர்லயே கரையுது. சாதாரண லாகர்ல லிட்டருக்கு 5 கிராம் வாயு இருக்கும்னா, சேசான்ல 6 முதல் 8 கிராம் வரைக்கும் போகும். கூண்டு அலங்காரத்துக்கு இல்லை. அது இல்லைன்னா தக்கை டியூப் லைட்டை உடைச்சுட்டு வரும்.

துபோன்காரங்க இன்னும் ஒண்ணு பண்றாங்க. கதகதப்பான அறையில பாட்டிலைப் படுக்கவெச்சு வாரக்கணக்குல புளிக்க விடறாங்க. படுத்த பாட்டில்ல ஈஸ்ட் நீளமா விரிஞ்சு படியும். நிக்கிற பாட்டில்ல அடியில குமிஞ்சுடும். பீரும் ஈஸ்ட்டும் தொட்டுக்கிற பரப்பு மாறுது. பாட்டிலோட அளவு மாறினா அந்த விகிதமும் மாறும். மேல இருக்கிற காத்தும் பெரிய பாட்டில்ல ஒரு மி.லி.க்குக் கணக்குப் பார்த்தா கம்மி. ஆக, வித்தியாசம் வர்றதுக்குக் காரணம் இருக்கு. ஆனா காரணம் இருக்குங்கிறதால வித்தியாசம் நாக்குக்குத் தெரியணும்னு இல்லையே. பொட்டி தட்டுறவன் டெஸ்ட் பண்ணாம ரிலீஸ் பண்ணலாமா?

பண்ணினோம். சேசான் துபோன் பெரிய பாட்டில் ஒண்ணு, சின்னது ரெண்டு, எல்லாமே ஃப்ரிட்ஜ்ல ஒரே தட்டுல ஒரே நேரம் வெச்சது. அக்கா சமையல்கட்டுக்குள்ள போய் மூணு கிளாஸ்ல ஊத்துவாங்க. ரெண்டுல ஒரே பாட்டில், ஒண்ணுல மத்தது. எது தனிங்கிறதை நான் கண்டுபிடிக்கணும். கண்ணைக் கட்டிக்கிட்டேன், இல்லைன்னா நுரையைப் பார்த்தே சொல்லிடலாம். இந்த மாதிரி ஆறு சுத்து. அஞ்சு சரி. குத்துமதிப்பா சொல்லி ஆறுல அஞ்சோ அதுக்கு மேலயோ சரியா வர்ற வாய்ப்பு 729-ல 13, நூத்துக்கு ரெண்டுக்கும் கம்மி.

ரூம்மேட் விடலையே. "ரெண்டு பாட்டிலும் ஒரே நாள்ல அடைச்சதான்னு பாத்தீங்களாணா?" தேதி வேற வேறதான். அதனால 'அளவுதான் காரணம்'னு கோர்ட்ல சத்தியம் பண்ண முடியாது. ரெண்டும் வேற வேறன்னு மட்டும் சத்தியம் பண்ணலாம். என் நாக்குக்குத் தெரிஞ்சது இதுதான்: சின்ன பாட்டில்ல கசப்பு முன்னாடி வந்து நிக்குது. பெரியதுல நுரை பொடிப்பொடியா இருக்கு, மிளகுக் காரமும் எலுமிச்சைத் தோல் வாசமும் முதல்ல வருது, கசப்பு கடைசியில மெதுவா வருது.

இதெல்லாம் நடந்து ஒரு மாசத்துல மாப்ளைக்குக் கனடா பி.ஆர். வந்துடுச்சு. ரெண்டு வருசமா அவன் பார்த்துக்கிட்டு இருந்த மெயில். டொரண்டோவுல வேலையும் ரெடி. எங்க டேமேஜர் கேக் வெட்டி அனுப்பிவெச்சார். வீட்ல நாங்க என்ன பண்றது? நாலு ஊரு சேசான், நாலு பெரிய பாட்டில், ரெண்டு சாயந்திரம்னு முடிவாச்சு. ஒரு நாளைக்கு ரெண்டு பாட்டில், குடிக்கிறது மூணு பேரு, ஆளுக்கு அரை லிட்டர். நாலாவது கிளாஸ் அக்காவுக்கு, மோந்து பாக்க மட்டும்.

முதல் நாள் முதல் பாட்டில், சேசான் துபோன். பெரிய பாட்டிலை முழுசா ஒரு சாயந்திரம் உக்காந்து பார்த்தாதான் ஒண்ணு பிடிபடும். முதல் கிளாஸும் கடைசி கிளாஸும் ஒரே பீர் இல்லை. கூண்டை ஆறு அரைச் சுத்து சுத்திக் கழட்டி, தக்கையைக் கையால அமுக்கிப் பிடிச்சு மெதுவா விட்டா, முதல் கிளாஸ் தெளிவா, வைக்கோல் நிறத்துல வரும். வாசம் எல்லாம் மேல நிக்கும். நாக்குல வறட்சி. அந்த வறட்சிதான் சேசானோட அடையாளம். சாதாரண ஈஸ்ட் மால்ட்டுல இருக்கிற பெரிய சர்க்கரைச் சங்கிலியை விட்டுடும், அதனால பீர்ல லேசா தித்திப்பு மிஞ்சும். பல சேசான் ஈஸ்ட்டுங்க அந்தச் சங்கிலியையும் வெட்டுற ஒரு என்சைமை விடும். மிச்சமே வைக்காம வழிச்சுத் தின்னுடும். போதாக்குறைக்கு இதுக்கு வெக்கை வேற பிடிக்கும். மத்த ஏல் ஈஸ்ட்டெல்லாம் 20 டிகிரி பக்கத்துல நிம்மதியா இருக்க, துபோன் ஈஸ்ட்டை 30 டிகிரி வரைக்கும், அதுக்கு மேலயும் விடறாங்க. ஈஸ்ட்டுலயும் நம்ம மெட்ராஸ் ஆளு இருக்கான்.

ரெண்டாவது கிளாஸ் வரும்போது குளிர் கொஞ்சம் விட்டிருக்கும், மிளகு மேல ஏறும். கடைசி கிளாஸ்ல அடிமண்டி கலங்கி வருது. நிறம் மங்குது, வாயில கனம் கூடுது, ரொட்டி வாசம், கொஞ்சம் மண் வாசம். மண்டியை விட்டுட்டு ஊத்துற ஆளுங்களும் உண்டு. நான் கலக்கிற கட்சி. 330 மி.லி.ல இந்தப் பயணம் நடக்கிறதுக்குள்ள பாட்டில் காலி.

அக்கா மோந்து பார்த்துட்டு சொன்னது: "மல்லி விதையைக் கையில கசக்கின வாசனை. மல்லி போட்டிருக்காங்களா?" துபோன் சேசான்ல மசாலாவே கிடையாது. எல்லாம் ஈஸ்ட்டும் ஹாப்ஸும் பண்ற வேலை.

கூட பருப்பு வடை. வெள்ளைக்காரன் இதுக்கு ஆட்டுப்பால் சீஸ்தான் சேர்த்தின்னு எழுதுவான். அவன் வடை சாப்பிட்டதில்லை, விடுங்க. எண்ணெயை இந்த வாயுவும் வறட்சியும் கழுவி விடுற அழகே தனி.

ரெண்டாவது பாட்டில், ப்லோஜி ஊர்க்காரங்களோட சேசான் தெபோத்ர். 6 சதவீதம். 1988 வாக்குல ஒரு வாத்தியார் தம்பதி ஆரம்பிச்ச சின்ன ஆலை, பிரான்ஸ் எல்லைக்கு ஒட்டினாப்ல. பார்லியோட ஸ்பெல்ட்னு ஒரு பழைய ரகக் கோதுமையும் போடறாங்க. நம்ம சம்பா கோதுமைக்குத் தூரத்துச் சொந்தம். துபோனுக்குப் பக்கத்துல வெச்சா இது மெலிசு, கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் முரடு. "அரிசி ஊறவெச்ச தண்ணி, ரெண்டாம் நாள்"னாங்க அக்கா. ரூம்மேட்டுக்கு இதான் பிடிச்சது. துபோன் ரொம்ப மெனக்கெட்டு டிரஸ் பண்ணின மாதிரி இருக்காம், இது லுங்கி கட்டின மாதிரி இருக்காம். அதுக்கு மேல நான் என்ன விமர்சனம் எழுத?

அன்னிக்கு ராத்திரிதான் துபோன் கதையைச் சொன்னேன். தூர்ப்ங்கிற கிராமத்துல அந்த இடம், லூஸ் நகராட்சிக்குள்ள வருது (ஊர் பேரே லூஸ், சிரிக்காதீங்க. பிரஸ்ஸல்ஸ்ல இருந்து தூர்னே போற ரயில் அங்கே நிக்கும்). 1844-ல இருந்தே பண்ணையும் பீர் ஆலையுமா இருந்தது. 1920-ல ஆல்ஃப்ரெட் துபோன்னு ஒருத்தர் அதை விலைக்கு வாங்குறார். எதுக்கு? அவர் பையன் லூயி கனடா போய் விவசாயம் பண்றேன்னு கிளம்பி நின்னான். பையனைப் போகவிடாம நிறுத்த அப்பா வாங்கிக் குடுத்த இடம் அது. லூயி போகலை. அதுக்கப்புறம் அவர் சொந்தக்காரங்க கைமாறிக் கைமாறி இன்னிவரைக்கும் அதே குடும்பம்தான் நடத்துது.

சுவாரசியமான துணுக்குன்னுதான் சொன்னேன். ரூம்மேட் உடனே, "கனடாவா!"ன்னு மாப்ள தோளைத் தட்டினான். மாப்ள சிரிக்கலை. பாட்டில்ல இருந்த பேரைப் பார்த்துக்கிட்டே இருந்தான்.

"அவங்கப்பாகிட்ட காசு இருந்துச்சுடா, ஒரு ஆலையை வாங்கிக் காலைக் கட்டிட்டாரு. எங்கப்பா என்னைய அனுப்பறதுக்கு இருந்த நஞ்சையில பாதியை வித்தாரு. இப்ப போய் அவரு எதை வாங்கிக் குடுத்து இருடாம்பாரு?"

யாரும் ஒண்ணும் சொல்லலை. அக்காதான் கேட்டாங்க, "அப்பா போகாதேன்னாரா தம்பி?"

"இல்லக்கா. போகாதேன்னு சொல்லலை. கனடாவுல குளிரு எவ்ளோ இருக்கும்னு கேட்டாரு. நாலு தடவை கேட்டாரு."

அக்கா எந்திரிச்சுப் போய் இன்னும் ரெண்டு வடை கொண்டுவந்து அவன் தட்டுல வெச்சாங்க. மிச்சமிருந்த தெபோத்ர் மண்டியோட அவன் கிளாஸுக்குப் போச்சு.

மறுநாள் சனிக்கிழமை. சேசான் த பிப்பே. பிப்பேயும் அதே லூஸ் நகராட்சிதான், துபோனுக்குப் பக்கத்து ஊர்னே சொல்லலாம். 1785-ல ஆரம்பிச்ச ஆலை. மூடிப்போற நிலைமையில இருந்ததை 1984-ல ஜான்-லூயி தித்ஸ்ங்கிறவர் வாங்கி, பழைய நீராவி எந்திரத்தை வெச்சே ஓட்டினார். ஆலை பேரே அதான், ஆ வாப்பர், நீராவியில ஓடுறது. துபோனுக்கு நேரெதிர் இது. இதுல மசாலா உண்டு. மிளகு, இஞ்சி, ஆரஞ்சுத் தோல், அன்னாசிப்பூ. தக்கையைத் திறந்ததும் மூணு பேரும் ஒரே குரல்ல "சுக்குக் காப்பி"ன்னோம். அக்கா மட்டும், "இல்லை, பிரியாணிக்கு எண்ணெயில அன்னாசிப்பூ போட்ட முதல் நிமிஷம்." அதான் சரி. எனக்கு மசாலா போட்ட சேசான் அவ்வளவா ஒட்டாது. ஈஸ்ட் தானா பண்ற வேலையைக் கடையில வாங்கிப் போட்ட மாதிரி தோணும். ஆனா பக்கத்துப் பக்கத்து ரெண்டு ஊர்ல, ஒரே பேர்ல, இவ்வளவு வித்தியாசமா ரெண்டு பீர் இருக்குங்கிறது பிடிச்சிருக்கு. சேசானுக்கு இதான் இலக்கணம்னு புத்தகத்துல எழுதுறவங்க லூஸ் ரயில்வே ஸ்டேஷன்ல இறங்கி ரெண்டு ஊரையும் பார்க்கணும்.

கடைசி, ஃபான்தோம். இது எய்னோ இல்லை, அந்தப் பக்கம் ஆர்தென் காட்டுப் பகுதியில சுவாங்கிற கிராமம். 1988-ல தானி ப்ரின்யோன் ஆரம்பிச்சது. லேபிள்ல ஒரு குட்டிப் பேய் நிக்கும். 8 சதவீதம். ஒரு தடவை குடிச்சது மாதிரி இன்னொரு தடவை இருக்காதுன்னு உலகம் பூரா பேர் வாங்கினது. சிலருக்கு அது குறை, சிலருக்கு அதுதான் போதை. எங்க பாட்டில்ல ஸ்ட்ராபெரி மாதிரி ஒரு பழ வாசம், பின்னாடி லேசான புளிப்பு. நல்லா இருந்துச்சு. ஒப்பிட்டு மார்க் போட முடியாது. அடுத்த பாட்டில் வேற ஆளு.

மார்க் போடறதுக்குன்னு நான் எக்செல் ஷீட் எல்லாம் ரெடி பண்ணியிருந்தேன், நிறம் 5, வாசம் 10ன்னு. ரெண்டாம் நாள் அதை யாரும் திறக்கலை. நாலுல எதுன்னு கேட்டா, நான் துபோன். ரூம்மேட் தெபோத்ர். மாப்ள கேட்டதுக்கு பதிலே சொல்லாம துபோன் தக்கையைத் துடைச்சுச் சட்டைப் பையில போட்டுக்கிட்டான். அதையே ஓட்டா எடுத்துக்கிட்டோம்.

வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணு. பச்சை பாட்டில் வெளிச்சத்தைச் சரியா தடுக்காது. ஹாப்ஸ் கசப்பு மேல வெளிச்சம் பட்டா கந்தகம் சேர்ந்த ஒரு பொருள் உண்டாகும், ரப்பர் எரிஞ்ச மாதிரி ஒரு நாத்தம். கடை ஜன்னல்ல வெயில் காஞ்ச பாட்டிலை வாங்கி நான் ஒருமுறை அனுபவிச்சிருக்கேன். தப்பு ஆலைமேல இல்லை, கடைமேல. அட்டைப்பெட்டிக்குள்ள இருக்கிறதைக் கேட்டு வாங்குங்க. வீட்டுக்கு வந்ததும் ரெண்டு நாள் நிக்கவைங்க, மண்டி அடியில இறங்கட்டும்.

தனி ஆளா பெரிய பாட்டில் வாங்காதீங்க. 750 மி.லி., 6.5 சதவீதம்னா கிட்டத்தட்ட 38 கிராம் ஆல்கஹால். ஒருத்தருக்கு அது அதிகம். பாதியில மூடிவெச்சா மறுநாள் வாயு போய் சவசவன்னு ஆயிடும். அமெரிக்காவுல நிறைய கிராஃப்ட் ஆலைங்க பெரிய பாட்டிலை விட்டுட்டு டின்னுக்கு மாறிட்டாங்க. புரியுது. கூட உக்கார ஆள் வேணும்ல.

மாப்ள வியாழக்கிழமை ஏறிட்டான். போகும்போது அலமாரியில ஒரு பாட்டில் விட்டுட்டுப் போயிருக்கான். அதுவும் துபோன்தான், ஆனா சேசான் இல்லை. 'அவெக் லெ போன் வூ', நல்வாழ்த்துக்களுடன்னு அர்த்தம். 1970-ல இருந்து புத்தாண்டுக்கு வாடிக்கையாளர்களுக்குப் பரிசா குடுக்கக் காய்ச்ச ஆரம்பிச்சது. 9.5 சதவீதம், முக்கால் லிட்டர்.

ரூம்மேட் தினமும் கேக்கறான், "ணா, திறந்தர்லாமாங்ணா?" நாங்க ரெண்டு பேரு, மோந்து பாக்க அக்கா. பத்தாது. பொங்கலுக்குள்ள யாராச்சும் பிரஸ்ஸல்ஸ் பக்கம் வந்தீங்கன்னா சொல்லுங்க மக்கா. கிளாஸ் நாலும் கழுவித்தான் வெச்சிருக்கோம். வடைக்கு மட்டும் அக்காகிட்ட ஒரு நாள் முன்னாடியே சொல்லணும், பருப்பு ஊறணுமாம்.